கத்தியா, கிருமியா? பெரிய அறுவைக்குப் பின் இரத்தம் சொல்லும் சேதி

பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து, குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தாயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டார். வீட்டாருக்கு மூச்சு வருகிறது. ஆனால் டாக்டருக்கு உண்மையான காத்திருப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தைத்த இடம் ஒட்டுகிறதா, கசிகிறதா? கசிந்தால் குடலில் உள்ள மலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவும். கண்டுபிடிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு உலை வைக்கும்.

வயிற்றைத் திறக்காமல் இதைத் தெரிந்துகொள்வது எளிதாக இருந்தால் கவலையே இல்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஏறத்தாழ எல்லோருக்கும் வயிறு வலிக்கும், நாடி வேகமாக ஓடும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். கசிவின் ஆரம்ப அறிகுறிகளும் இவையேதான். கத்தி பட்டதால் வந்த காய்ச்சலா, கிருமி புகுந்ததால் வந்த காய்ச்சலா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் காலைதோறும் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். மாலையில் வரும் லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி., புரோகால்சிடோனின், வெள்ளையணு எண்ணிக்கை என்று வரிசையாக எண்கள் இருக்கும். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் இரத்தத்தில் ஏறும் எண்கள் பெரும்பாலும் கத்தியைப் பற்றியே பேசுகின்றன. கிருமியைப் பற்றிய சேதி மூன்றாம், நான்காம் நாளில்தான் தெளிவாகக் கேட்கத் தொடங்குகிறது. அதுவும் ஒற்றை எண்ணில் அல்ல, எண்கள் போகும் திசையில் கேட்கிறது.

காயத்துக்கு உடல் தரும் பதில்

காயம் பட்ட இடத்தில் மட்டும் அல்லாமல் உடல் முழுவதுமே அதற்குப் பதில் சொல்கிறது என்பதை முறையாக அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் டேவிட் கத்பர்ட்சன். 1930களில் கிளாஸ்கோ நகரில், கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து அவர் ஆராய்ந்தார். உடைந்தது ஓர் எலும்பு. ஆனால் உடல் முழுவதிலும் இருந்த தசைப் புரதம் கரைந்து நைட்ரஜனாக வெளியேறிக்கொண்டிருந்தது. காயத்துக்குப் பிந்தைய உடல்நிலையை வற்றும் கட்டம், பெருகும் கட்டம் என்று 1942இல் அவர் இரண்டாகப் பிரித்தார். அறுவை மருத்துவர்கள் இன்றும் அந்தப் பிரிவினையைத்தான் படிக்கிறார்கள்.

இந்தப் பதில் கிருமித் தொற்றுக்கான பதிலைப் போலவே ஏன் இருக்கிறது? 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான விளக்கம் தந்தது. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வேறொரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வழிவந்தவை. திசு நசுங்கும்போது செல்கள் உடைகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யும் அதன் சில புரதத் துண்டுகளும் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைச் சந்திக்கும் வெள்ளையணுக்கள் பாக்டீரியா புகுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. பலத்த காயம் பட்டவர்களின் இரத்தத்தில் இதையே அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, கத்திக்கும் கிருமிக்கும் வித்தியாசம் தெரியாமல் நாம் மட்டும் குழம்பவில்லை. முதல் சில மணி நேரம் உடலே குழம்புகிறது.

அதன் பிறகு நடப்பது தொடர் ஓட்டம் போன்றது. காயப்பட்ட திசுவும் அங்கே குவியும் வெள்ளையணுக்களும் இன்டர்லூகின்-6 என்ற தூதுப் புரதத்தை வெளியிடுகின்றன. ஜப்பானில் ஒசாகாவின் தோஷியோ ஹிரானோ, ததாமிட்சு கிஷிமோட்டோ குழுவினர் 1986இல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஆபரேஷன் தொடங்கிய சில மணி நேரத்திலேயே இதன் அளவு ஏறி, பெரும்பாலும் முதல் நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்குகிறது. மூளைக்குப் போய்க் காய்ச்சலை மூட்டுவதில் இதற்குப் பங்கு உண்டு. முதல் இரண்டு நாள் காய்ச்சலைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்று டாக்டர்கள் சொல்வதன் காரணம் இதுதான். இதே இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய், வழக்கமான உற்பத்தியைக் குறைத்துவிட்டு அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்கச் சொல்கிறது. அந்த அவசரகாலப் புரதங்களில் தலையாயது சி.ஆர்.பி.

ஐந்து சாட்சிகள்

வெள்ளையணு எண்ணிக்கை மிகப் பழைய சாட்சி. மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் ஏறாதவர்கள் குறைவு. 1990களில் வகுத்த அளவுகோலின்படி, உடல் வெப்பம், நாடி, மூச்சு வேகம், வெள்ளையணு எண்ணிக்கை ஆகிய நான்கில் இரண்டு எல்லை மீறினால் அது உடல்தழுவிய அழற்சி. பெரிய ஆபரேஷன் முடிந்த பலரும் எந்தத் தொற்றும் இல்லாமலே இந்த வலையில் விழுந்தார்கள். செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் தரும் பதிலே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை, என்பதற்கான வரையறையை 2016இல் திருத்தியபோது இந்த அளவுகோலைக் கைவிட்டதற்கு இது போன்ற குழப்பமும் ஒரு காரணம். மொத்த எண்ணிக்கையைவிட, வெள்ளையணு வகைகளில் நியூட்ரோஃபில்கள் ஏறி லிம்ஃபோசைட்டுகள் இறங்கும் விகிதம் உடல் படும் பாட்டை நன்றாகக் காட்டும் என்று 2001இல் ஸ்லோவாக்கியாவின் ரோமன் ஸஹோரெட்ஸ் எடுத்துக்காட்டினார். சாதாரண இரத்தப் பரிசோதனையிலிருந்தே கணக்கிடலாம் என்பது அதன் பலம்.

ஈ.எஸ்.ஆர். இரண்டாவது சாட்சி. ஒல்லியான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் படிகின்றன என்று பார்ப்பது. வீக்கம் இருக்கும் உடலில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுவதால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாகப் படியும். ஆனால் ஃபைப்ரினோஜன் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஆகவே ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில்கூட ஈ.எஸ்.ஆர். உயர்ந்தே இருக்கலாம். முதல் வாரத்தில் முடிவெடுக்க இது உதவாது.

மூன்றாவது சாட்சி சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தோடு நிமோனியாக் கிருமியிலிருந்து எடுத்த ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளைச் சேர்த்தார்கள். தெளிந்திருந்த திரவத்தில் படிவு விழுந்தது. நோயாளி தேறியதும் எடுத்த சீரத்தில் அந்தப் படிவு விழவில்லை. நோய் இருக்கும்போது மட்டும் இரத்தத்தில் தோன்றி, தேறும்போது மறையும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அந்தக் குழாயில் தெரிந்தது. ‘சி’யோடு வினைபுரியும் புரதம் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. சாதாரணமாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இது, தூண்டுதல் கிடைத்த ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடுகிறது. பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு எந்தச் சிக்கலும் இல்லாதவருக்குக்கூட 100ஐத் தாண்டுவது சகஜம்.

சி.ஆர்.பி.யின் மிகப் பெரிய நற்குணம் அதன் ஆயுள். இரத்தத்தில் இருப்பதில் பாதி மறைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகிறது. யாருடைய உடலிலும், எந்த நோயிலும் இந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அளவு ஏறுகிறதென்றால் கல்லீரல் இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தயாரிப்பு அடியோடு நின்றால் 160 என்பது ஒரே நாளில் 70க்குக் கீழே வரும். படிப்படியாகத் தயாரிப்பு குறைவதால் நடைமுறையில் இறக்கம் இதைவிட மெதுவாகவே இருக்கும். எப்படியானாலும் இறங்கத்தான் வேண்டும். இறங்காமல் நின்றாலே, உள்ளே எதுவோ அடுப்பை அணைய விடாமல் விறகு தள்ளுகிறது என்று அர்த்தம்.

நான்காவது, புரோகால்சிடோனின். இது தைராய்டில் சுரக்கும் கால்சிடோனின் ஹார்மோனின் முன்வடிவம். ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் கிட்டத்தட்ட இருக்காது. கடும் பாக்டீரியாத் தொற்று வந்த குழந்தைகளின் இரத்தத்தில் இது பன்மடங்கு ஏறுவதை 1993இல் பிரான்சின் மார்செல் அசிகோ குழுவினர் அறிவித்தார்கள். தொற்றின்போது தைராய்டு மட்டும் அல்லாமல் கல்லீரல், கொழுப்பு எனப் பல திசுக்களும் இதைச் சுரக்கின்றன. சி.ஆர்.பி.யைவிடச் சீக்கிரம் ஏறும். கிருமியைக் கத்தியிலிருந்து ஓரளவு நன்றாகவே பிரித்துக் காட்டும். ஓரளவு என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய வயிற்று ஆபரேஷன், பலத்த காயம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிலும் தொற்றே இல்லாமல் இது ஏறும்.

ஐந்தாவது சாட்சி எதிர்த்திசையில் பேசுவது. அல்புமின் என்ற இரத்தப் புரதம் அழற்சியின்போது குறையும். தந்துகிகளின் சுவர் நெகிழ்ந்து புரதம் இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசிவதே முதல் நாள் இறக்கத்துக்கு முக்கியக் காரணம். நரம்பு வழியே ஏற்றும் குளுக்கோஸ், சலைன் திரவங்கள் மீதியை நீர்க்கச் செய்கின்றன. முதல் நாளிலேயே லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் அல்புமின் இறங்கியவர்களுக்குப் பின்னால் சிக்கல்கள் அதிகம் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

நான்காம் நாள் கணக்கு

இந்த ஐந்தில் அதிகமாக ஆராயப்பட்டது சி.ஆர்.பி.; அதிகமாக ஆராயப்பட்ட சிக்கல் குடல் இணைப்புக் கசிவு. 2014இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று ஏழு ஆய்வுகளில் இருந்த 2,483 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவர்களில் 9.6 சதவீதம் பேருக்குக் கசிவு ஏற்பட்டிருந்தது. கசிவு கண்டுபிடிக்கப்பட்டது பெரும்பாலும் ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள். அந்தத் தொகுப்பு சி.ஆர்.பி.க்குத் தந்த எல்லைகள்: லிட்டருக்கு மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 மில்லிகிராம்.

இந்த எல்லைகளுக்கு மேலே போனால் கசிவு நிச்சயம் என்று யாரும் படித்துவிடக் கூடாது. எல்லையைத் தாண்டிய 100 பேரில் கசிவு இருந்தது 21 முதல் 23 பேருக்குத்தான். மீதிப் பேருக்கு நெஞ்சுச் சளியோ, சிறுநீர்த் தொற்றோ, காயத்தில் சீழோ, வெறும் வீக்கமோ காரணமாக இருந்திருக்கலாம். மறுபக்கம், எல்லைக்குக் கீழே இருந்த 100 பேரில் 97 பேருக்குக் கசிவு இல்லை. அந்த 97ஐயும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பரிசோதனையே செய்யாவிட்டாலும் 100இல் 90 பேருக்குக் கசிவு இருக்கப்போவதில்லை. பரிசோதனை அந்த நம்பிக்கையை 90இலிருந்து 97க்கு உயர்த்துகிறது. சின்ன லாபமாகத் தோன்றலாம். ஆனால் கசிவுக்கு வாய்ப்பு பத்தில் ஒன்று என்றிருந்தது நூறில் மூன்றாகக் குறைகிறது. ஆபரேஷன் முடிந்து நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவிவரும் காலம் இது. கசிவு தெரியவருவதோ ஆறாம் நாளுக்குப் பிறகு. டிஸ்சார்ஜ் எழுதும் டாக்டருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சி.ஆர்.பி. விஷயத்தில் அந்தக் கணக்கு உதவாது. இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவருக்கு முதல் நாளிலிருந்து 70, 175, 160, 105. இரண்டாமவருக்கு 65, 150, 155, 215. மூன்றாம் நாள் மாலையில் இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் 160 உள்ளவருக்காகவே டியூட்டி டாக்டர் சற்று அதிகமாகக் கவலைப்படுவார். நான்காம் நாள் படம் தலைகீழாகிறது. முதலாமவர் இறங்கிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கஞ்சி தரலாம். இரண்டாமவருக்கு ஒரே நாளில் 60 ஏறியிருக்கிறது. அவர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னாலும் அவருடைய வயிற்றை மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும், சி.டி. ஸ்கேனுக்கு எழுத வேண்டியிருக்கலாம்.

இந்தத் திசைக் கணக்கை 2020இல் வெளியான பிரெடிக்ட் ஆய்வு 833 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பின் ஏதேனும் இரண்டு நாட்களுக்கு இடையே சி.ஆர்.பி. 50 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். கசிவு ஏற்பட்டவர்களில் 85 சதவீதம் பேரை அந்த விதி பிடித்தது. விதிக்குள் சிக்காதவர்களில் 99 சதவீதம் பேருக்குக் கசிவு இல்லை. புரோகால்சிடோனினை வைத்து இத்தாலியில் 504 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வும் இதே குரலில் பேசியது: ஆபத்து இல்லை என்று சொல்லும்போது அதன் சொல்லை நம்பலாம், ஆபத்து என்று சொல்லும்போது மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

எல்லா ஆபரேஷனும் ஒன்றல்ல

குடலுக்குக் கிடைத்த எல்லைகளை மற்ற உறுப்புகளுக்கு அப்படியே தூக்கிப் போக முடியாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்தில் சி.ஆர்.பி. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்புகிறது. திரும்பிய பிறகு மறுபடி ஏறினால் செயற்கை மூட்டில் தொற்று என்று சந்தேகிக்கலாம். லேப்ரோஸ்கோப்பி மூலம் செய்யும்போது திசுக்காயம் குறைவு; இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. இரண்டுமே திறந்த அறுவையைவிடக் குறைவாக ஏறுகின்றன. துளை வழியே ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு 150 என்பது, வயிற்றைத் திறந்து செய்தவரின் 150ஐவிட அதிகக் கவலைக்குரியது.

கல்லீரல் அறுவையில் நிலைமை இன்னும் நுட்பமானது. சி.ஆர்.பி.யைத் தயாரிப்பதே கல்லீரல்தான். அதில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் எஞ்சிய துண்டால் போதிய அளவு தயாரிக்க முடியாது. எண் குறைவாக வரும்போது உடல் அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதா, கல்லீரல் தள்ளாடுகிறது என்று எடுத்துக்கொள்வதா? தொழிற்சாலையே பழுதாகியிருக்கும்போது உற்பத்தி குறைந்ததை நல்ல செய்தியாகக் கொள்ள முடியாது. வாத நோய்க்காக இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து எடுப்பவர்களும் இப்படித்தான். அவர்களுக்குக் கடும் தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. வாய் திறக்காமல் இருக்கலாம்.

எண்ணைக் குறைத்தால் ஆள் பிழைப்பாரா?

இதய ஆபரேஷனில் இரத்தம் மணிக்கணக்கில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஓடுகிறது. அந்நியப் பரப்பைத் தொட்டதும் அழற்சி பெருந்தீயாகப் பிடிக்கும். அதை ஸ்டீராய்டால் அணைத்துவிட்டால் சிக்கல்கள் குறையும் என்பது பல்லாண்டு நம்பிக்கை. நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெத்தசோனைச் சோதித்த ஆய்வு 2012இல் வந்தது. 7,507 பேரிடம் மெத்தில்பிரட்னிசலோனைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2015இல் வந்தது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இறப்பும் பெரிய சிக்கல்களும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அழற்சி எதிரி மட்டும் அல்ல, காயத்தை ஆற்றும் வேலையாளும் அதுவே என்ற பாடத்தை இரண்டு ஆய்வுகளும் விட்டுச் சென்றன.

எண் ஏறியதும் ஆன்டிபயாடிக்கைக் கூட்டுவது சரியா? டென்மார்க்கின் ஐ.சி.யூ.க்களில் 1,200 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. புரோகால்சிடோனின் ஏறும்போதெல்லாம் மருந்தையும் பரிசோதனைகளையும் கூட்டியதால் இறப்பு குறையவில்லை, வென்டிலேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் கழித்த நாட்களே கூடின. எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்துவது வேறு கதை. செப்சிஸ் நோயாளிகள் 2,760 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், தினசரி புரோகால்சிடோனினைப் பார்த்து முடிவெடுத்த பிரிவில் ஆன்டிபயாடிக் நாட்கள் பாதுகாப்பாகக் குறைந்தன. சி.ஆர்.பி.யைப் பார்த்த பிரிவில் குறையவில்லை. ஆக, தொடங்க வேண்டுமா என்று கேட்டால் தயங்கும் அதே சாட்சி, போதுமா என்று கேட்டால் தெளிவாகப் பேசுகிறது. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் நாளில் இது சிறிய உதவியல்ல.

ரிப்போர்ட் கையில் இருப்பவருக்கு

முதலில் அலகைப் பார்க்க வேண்டும். சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில லேப்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. டெசிலிட்டருக்கு 12 என்பதும் லிட்டருக்கு 120 என்பதும் ஒன்றே. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நேற்று 14, இன்று 118 என்று கண்டு வீட்டார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும், 118க்குப் பின் 14 என்று கண்டு நிம்மதி அடைவதும் இந்த ஒரு சொல்லைக் கவனிக்காததால் நேரலாம். முதல் நிலையில் நோயாளி உண்மையில் சற்றே தேறியிருக்கிறார், இரண்டாவதில் மோசமாகியிருக்கிறார்.

இரண்டாவது, ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு இருந்தது என்பது. உடல் பருமன், வாத நோய், முன்பே இருந்த சீழ் ஆகியவை அடிப்படை அளவையே உயர்த்திவிடும். மூன்றாவது, ஒரே லேப், ஏறத்தாழ ஒரே நேரம். ஒருநாள் காலை ஆறு மணிக்கும் அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கும் எடுத்த இரத்தத்தை ஒப்பிட்டு ‘ஒரே நாளில் இவ்வளவா’ என்று கேட்பதில் பயனில்லை.

நான்காவது எல்லாவற்றிலும் முக்கியமானது. நாடி நிமிடத்துக்கு 110ஐத் தாண்டி நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, வயிறு கல் போலிருக்கிறது, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று குழப்பமாகப் பேசுகிறார் என்றால், சி.ஆர்.பி. இறங்கியிருந்தாலும் சும்மா இருக்கக் கூடாது. நூறில் அந்த மூன்று பேர் எங்கோ ஒரு கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றப் போவது வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் மருத்துவரும், இரவு இரண்டு மணிக்கு ‘இவர் முகமே சரியில்லை சார்’ என்று போன் செய்யும் ஸ்டாஃப் நர்ஸும்தான்.

இனி

இரத்தத்தில் கரைந்திருக்கும் புரதத்தை மட்டும் அளக்காமல், வெள்ளையணுக்கள் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் என்ன செய்கின்றன என்று பார்க்கும் காலம் வந்துவிட்டது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 32 பேரிடம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2014இல் வந்தது. ஆபரேஷன் முடிந்த முதல் நாளில் ஒரு வகை மோனோசைட் செல்களுக்குள் நடந்த சமிக்ஞை மாற்றங்களுக்கும், நோயாளி எத்தனை சீக்கிரம் வலியும் அயர்ச்சியும் தீர்ந்து நடமாடினார் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. விலை உயர்ந்த கருவி, சிறிய குழு. நம் ஊர் வார்டுகளுக்கு வர நாளாகும்.

அதுவரை நம்மிடம் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே நிறையச் செய்யலாம். எங்கும் கிடைக்கும் சி.ஆர்.பி.யை ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை, பின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை தினம் ஒருமுறை எடுத்து, கேஸ் ஷீட்டின் பக்கங்களில் சிதறவிடாமல் ஒரே கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால் போதும். கோடு இறங்குகிறதா, நிற்கிறதா, மறுபடி ஏறுகிறதா என்பது கட்டில் பக்கத்தில் நிற்கும் பயிற்சி மருத்துவர் முதல் நோயாளியின் மகள் வரை யாருக்கும் தெரியும். இரண்டாம் நாள் கத்தியைப் பற்றிப் பேசிய இரத்தம் நான்காம் நாள் வேறு எதையோ பேசத் தொடங்கினால், அந்தக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். உடனே போய் அந்த வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.